கவிழ்த்து வைத்த துரும்பு

சஸ்கற்றூனில் சனி இரவு ஒன்பது மணி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கார் எஞ்சினுக்கு வயரைக் கொழுவிவிட்டு வந்து
அரிசிப் பேணிகளை அடுக்குகிறேன்.
மூன்று பேணி, அவற்றில் சாய்ந்தபடி மூன்று பழைய போன்,
பின்னால் மூன்று வெறுங்கதிரை.

எனக்கு நேரெதிரே பேர்த்.
அங்கே ஞாயிறு பகல் பதினொன்று.
என் கூட்டாளி குகதாசன் வெறும் மேலோடு இருக்கிறான்,
தலைக்கு மேல் ஃபான்.
இடப்பக்கம் ஸ்காபரோ: றெஜினோல்ட்,
பெண்சாதி படுத்துவிட்டதால் குசுகுசுத்த குரல்.
வலப்பக்கம் நோர்வே, விடிய நாலு மணி.
முதல் பஸ்ஸை எடுக்கவேண்டிய சத்தியரூபன்
சீருடையோடு வந்து குந்தியிருக்கிறான்.

"முந்நூற்றி நாலுக்கு அப் இருக்கப்பா" என்கிறாள் மகள்.
இருக்கட்டும்.
அதில் கள்ளம் விட ஏலாது.

பலகைத் துண்டில் வாளால் கீறிய பிளவு,
ஆளுக்கொன்று.
முகம் போனுக்கு, முதுகு எனக்கு.
பார்க்காமல் செருகப் பழகிவிட்டன விரல்கள்.
"இடமிருந்து மூன்றாவது" என்பான் ஒருவன்,
நான் உருவி நடுவில் போடுவேன்.
பதினாலாயிரம் கிலோமீற்றர் தாண்டி
ஒருவனுடைய இஸ்கோப்பன் ஆசு
என் கையால் விழும்,
என்னையே வெட்டும்.

அன்றைக்கு நாலு சீட்டிலேயே
குகதாசன் இருநூறு கேட்டான்.
"யோசிச்சுக் கேளடா."
"யோசிச்சுத்தான். இரண்டாவதைக் கவிழ்."
கவிழ்த்தேன்.
மிச்ச நாலையும் பிரித்துச் செருகும்போது
அவன் பக்கம் கதவு ஒன்று அடிபட்டது.
காற்றாக்கும் என்றான் றெஜினோல்ட்.
பிறகு படம் உறைந்தது.
பிறகு கறுப்பு.

பதினொரு நாள்.
எடுத்தால் மணி போகாது.
மேசை எனக்கு வேணும் என்று மனைவி சொல்லவில்லை,
அடுப்படியில் நின்றபடியே நாங்கள் சாப்பிட்டோம்.
ஹீற்றர் காற்றில் துரும்பு புரண்டுவிடுமோ என்று
என் தேத்தண்ணிக் கோப்பையை அதன்மேல் வைத்தேன்.
அதையும் தூக்கி, சீட்டின் ஓரத்தில் நகம் வைத்தது
ஐந்தாம் இரவு.
கலாவரையாக இருக்கும். இல்லை, ஆடுதன்.
நகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்தேன்.

பிறகு புதிதாய் ஓர் இலக்கம்.
"துரும்பைத் திறந்தனிங்களோ?"
அதுதான் அவனுடைய முதல் பேச்சு.
"இல்லையடா."
"ஒருத்தரும்?"
"ஒருத்தரும்."

அவனுக்குப் பின்னால்
நாங்கள் காணாத ஒரு சுவர்,
வேறு யாருடையவோ திரைச்சேலை,
கட்டிலில் பூட்டாத ஒரு பை.
பழைய போன் கணக்கு அவளுடைய பெயரில் இருந்ததாம்,
அவ்வளவுதான் சொன்னான்.
றெஜினோல்ட் தொண்டையைச் செருமினான்.
சத்தியரூபன் மணிக்கூட்டைப் பார்த்தான், ஆனால் போகவில்லை.

திறந்தேன்.
உருவிதன் ஏழு.

ஏழு!
ஒரு புள்ளிக்கும் உதவாத ஏழு!
மிச்சத்தையும் அவனே காட்டச் சொன்னான்:
ஒரு எட்டு, ஒரு ராணி, இன்னொரு ஏழு.
இதை வைத்துக்கொண்டா இருநூறு?
"விசரா!" என்று தொடங்கியவன் நான்.
ஸ்காபரோவில் பெண்சாதி எழும்பிவிட்டாள்,
நோர்வேயில் பஸ் பிந்தியது,
முக்கால் மணித்தியாலம் மூன்று பேரும் மாறி மாறித் திட்டினோம்.
கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தான்.
"கையில ஒண்டும் இல்லாட்டித்தான்ரா
கேக்கவேணும்."

சரி, பிரி என்றார்கள். கலைத்தேன்.
அந்த ஏழின் முதுகில்
கோப்பை வைத்த வட்டம், வெளிறிய தேத்தண்ணி நிறம்.
இனி அது யார் கைக்குப் போனாலும்
எனக்குத் தெரியும்.

அவர்களுக்கு நான் சொல்லவில்லை.